குரங்கைக் கொண்டு குழாய் திருகிய கதை

1991-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘மங்கி ஐலண்ட் 2: லெசக்ஸ் ரிவெஞ்ச்’ என்னும் நகைச்சுவைச் சாகசக் கணினி விளையாட்டில், முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஆட்டக்காரர்கள் மறவாமல் திட்டும் ஒரு புதிர் உள்ளது. கடற்கொள்ளையனாகப் பெயரெடுக்க விரும்பும் கைப்ரஷ் த்ரீப்வுட் என்னும் இளைஞன் ஓர் அருவியை நிறுத்தியாக வேண்டும். அருவிக்கு நீர் தரும் பம்பு மேலே இருக்கிறது. அதைத் திருகி மூட அவனிடம் கருவி இல்லை. விடை வேறொரு தீவின் மதுக்கடையில் இருக்கிறது. அங்கே ஒரு குரங்கு பியானோ வாசிக்கிறது. பியானோவின் மேல் தாளக் கணக்குக் காட்டும் கருவி ஒன்று இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் ஒரு வாழைப்பழத்தை வைத்தால், ஆடும் பழத்தைப் பார்த்துப் பார்த்துக் குரங்கு மயங்கி விறைத்துவிடும். விறைத்த குரங்கைத் தூக்கி வந்து பம்பில் மாட்டித் திருகினால் அருவி நின்றுவிடும்.

ஏன் குரங்கு? அமெரிக்க ஆங்கிலத்தில் ஒருவகைத் திருகு கருவிக்கு ‘மங்கி ரெஞ்ச்’ என்று பெயர். பெயரில் மட்டும் இருக்கும் குரங்கை உண்மைக் குரங்காகவே எடுத்துக்கொள்ள வேண்டும், அதுதான் விடை. இதில் சிரிப்பு உண்டு. ஆனால் அந்தச் சொல் நாவில் புழங்குபவருக்கே அது கிட்டும். இங்கிலாந்தில் இத்தகைய கருவியை ‘ஸ்பேனர்’ என்பர். அந்த வழக்கே தமிழகப் பட்டறைகளிலும் வந்து ‘ஸ்பேனர்’ என்றும் ‘ஸ்க்ரூ ஸ்பேனர்’ என்றும் நிலைத்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிரித்தானியரே இப்புதிரின் முன் திகைத்து நின்றனர் எனில், ஆங்கிலத்தைப் பாடநூலில் கற்ற வேலூர் இளைஞரின் நிலையோ திருப்பதி இளைஞரின் நிலையோ விளக்க வேண்டியதில்லை.

இப்புதிரைப் பற்றிய கருத்துகள் இரு கட்சிகளாகப் பிரிந்துள்ளன. ஒரு கட்சியினர் இது நேர்மையற்றது என்பர்: அறிவால் அடைய முடியாத விடையைக் கேட்பது ஏமாற்று. மறு கட்சியினர் இது அந்தக் கிறுக்கு உலகத்தின் அழகு என்பர்: கையில் உள்ள ஒவ்வொரு பொருளையும் கண்ணில் படும் ஒவ்வொன்றோடும் பொருத்திப் பார்ப்பதே இவ்வகை ஆட்டத்தின் இன்பம், விடை தெரிந்தபின் சிரிப்பு வந்தால் போதும். இரண்டாம் கட்சியின் வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. ‘மங்கி ரெஞ்ச்’ என்ற சொல்லை அறியாதவருக்கு விடை தெரிந்தபின்னும் சிரிப்பு வராது. குரங்கைக் கொண்டு பம்பைத் திருகியது அவருக்கு ஒரு கிறுக்குச் செயலாகவே நிற்கும். அவர் வென்றுவிட்டார், எதை வென்றார் என்று அவருக்கே தெரியாது.

மூன்றாம் தரப்பு ஒன்றும் உண்டு. அத்தரப்பினர் கருத்துச் சொல்வதே இல்லை. விடை தெரியாதது தம் மூளையின் குறை என்று எண்ணி ஆட்டத்தை மூடிவைத்துவிட்டுப் போனவர்கள் அவர்கள். திட்டுகிறவருக்குத் தாம் ஏமாற்றப்பட்டோம் என்றாவது தெரியும். இவர்களுக்கு அதுவும் தெரியாது. மொழி வேறுபாட்டால் நேர்ந்த தோல்வியை அறிவின் தோல்வியாக ஏற்றுக்கொண்டு விலகுவது தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பழகிப்போன காட்சி. ஒரு விளையாட்டைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணமும் அதுவே.

அக்காலத்தில் இத்தகைய திகைப்பு ஒரு வணிகமாகவும் இருந்தது. விளையாட்டைத் தயாரித்த லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனம் குறிப்பு நூல்களை விற்றது. கட்டணத் தொலைபேசி வழியாகவும் குறிப்புகள் வழங்கியது. இதே ஆட்டத்தின் பிற்பகுதியில் கைப்ரஷ் காட்டின் நடுவே ஒரு தொலைபேசியைக் கண்டு, அந்தக் குறிப்பு நிலையத்தையே அழைத்துப் பேசும் காட்சியும் உண்டு. தன்னையே எள்ளிக்கொள்ளும் துணிவு அந்தக் குழுவினருக்கு இருந்தது என்பதை மறுக்க இயலாது.

இதில் இன்னொரு முரணும் உண்டு. குழுவின் தலைவரான ரான் கில்பர்ட், 1989-இலேயே சாகச விளையாட்டுகளின் குறைகளைச் சாடி ஒரு கட்டுரை எழுதியவர். காரணமின்றி அமைந்த புதிர்கள், முன்பே எடுத்துவைக்க மறந்த ஒரு பொருளுக்காக ஆட்டக்காரரை முட்டுச்சந்தில் நிறுத்துதல் முதலியவை அதில் கண்டிக்கப்பட்டன. இரண்டே ஆண்டுகளில் அவருடைய ஆட்டத்திலேயே குரங்கு வந்து விறைத்து நின்றது. விதியை எழுதியவர் விதியை மீறினார் என்று இதை எள்ளுவது எளிது. உண்மை சற்றே வேறு. அமெரிக்கர் ஒருவருக்கு அப்புதிர் காரணமற்றதாகத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை. தம் வீட்டுப் பேச்சு தமக்குப் பொதுமொழியாகத் தோன்றுவது எல்லா மொழியினருக்கும் நேரும் மயக்கம்.

அம்மயக்கம் தமிழருக்கு நேராது என்று எண்ணுவோர், இதே போன்ற ஒரு நகைச்சுவை ஆட்டம் அலிபிரியில் நிகழ்வதாகக் கற்பனை செய்து பார்க்கலாம். திருமலைக்கு நடந்து ஏறுவோர் கால் வைக்கும் முதற்படி அங்கேதான். மேலே ஏறக்குறைய 3550 படிகள். தமிழும் தெலுங்கும் ஒரே படியில் தோளுரசி ஏறும் இடம் அது. குரங்குகளுக்கும் அங்கே குறைவில்லை. ஆனால் பக்தர் கையிலுள்ள பழத்தைக் குறிவைக்கும் அந்தக் குரங்குகளைக் கண்டு எவருக்கும் ஸ்பேனர் நினைவுக்கு வராது.

அந்த ஊர்ப்பெயரே ஒரு புதிர்தான். அடிவாரத்தில் இருந்த புளியமரத்தால் ‘அடிப்புளி’ என வழங்கி, அதுவே ‘அலிபிரி’ எனத் திரிந்தது என்பது ஒரு விளக்கம். அம்மரத்தடியில்தான் திருமலை நம்பி இராமானுசருக்கு இராமாயணப் பொருள் உரைத்தார் என்பது வைணவ மரபு. ‘அடிப்படி’ என்பதே மூலம் என்பாரும் உளர். ஒலித்திரிபின் படிநிலைகளைச் சான்றோடு காட்டும்வரை இரண்டையும் வழக்கிலுள்ள விளக்கங்களாகவே கொள்வது முறை. இங்கே கருத வேண்டியது வேறு. தெலுங்கில் புளிக்குச் ‘சிந்த’ என்று பெயர். எனவே தெலுங்கு மட்டும் அறிந்த ஒருவர் அலிபிரி என்ற பெயரை நாள்தோறும் சொன்னாலும், அதனுள் ஒரு புளியமரம் நிற்கலாம் என்ற ஐயம்கூட அவருக்கு எழாது. அந்த மரத்தைக் காண்பதற்குக் கூர்மை தேவையில்லை, தமிழ் தேவை.

இப்போது கற்பனை ஆட்டத்திற்கு வருவோம். நாயகன் படிக்கட்டின் அருகே ஓர் இரும்புப் பெட்டியைத் திறக்க வேண்டும். பெட்டி திருகாணிகளால் மூடப்பட்டுள்ளது. அவன் என்ன செய்ய வேண்டும்? அடிவாரத்துப் புனிதமான புளியமரத்தில் ஒரு புளியம்பழத்தைப் பறித்து, அதைத் திருகாணியின் தலையில் வைத்துத் திருக வேண்டும். பெட்டி திறந்துவிடும்! ஸ்க்ரூ டிரைவருக்குத் தமிழில் ‘திருப்புளி’ என்று பெயர். திருப்பும் உளி ஆதலால் திருப்புளி. அச்சொல்லையே திரு, புளி என வேறுவகையாகப் பிரித்தால் புனிதமான புளி வந்துவிடுகிறது. ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் வீற்றிருந்த மரத்தைத் திருப்புளியாழ்வார் என்றே வழங்குவர். சொல்லை வெவ்வேறாகப் பிரித்து இருபொருள் காண்பதை அணியிலக்கணம் பிரிமொழிச் சிலேடை என்கிறது. அதற்கு இதைவிடக் கச்சிதமான எடுத்துக்காட்டைத் தேடிப் பிடிப்பது கடினம்.

தமிழர் ஒருவர் இதைக் கேட்டு உடனே சிரிக்கலாம். அருகில் அமர்ந்து அதே ஆட்டத்தை ஆடும் சித்தூர்த் தெலுங்கர் என்ன செய்வார்? அவருக்கு அது புளியம்பழம், பெட்டி, திருகாணி. மூன்றையும் இணைக்கும் கயிறு அவர் மொழியில் இல்லை. அவரிடம் ஒரு பதிலடி உண்டு. தெலுங்கில் ‘சிந்த’ என்பது புளியையும் குறிக்கும், கவலையையும் குறிக்கும். கவலையோடு அமர்ந்திருக்கும் ஒரு கிழவியின் கவலையைப் போக்க, அவள் கூடையிலிருந்து புளியை எடுத்துவிட வேண்டும் என்று அவர் ஒரு புதிர் அமைத்தால், தமிழர் விடியும்வரை விழித்திருக்க வேண்டியதுதான்.

தமிழருள்ளும் எத்தனை பேர் சிரிப்பார்கள் என்ற கேள்வியும் உண்டு. சென்னையின் இருபது வயது இளைஞர் பலர் ‘ஸ்க்ரூ டிரைவர்’ என்றே சொல்லி வளர்ந்தவர்கள். திருப்புளி அவர்களுக்குப் பாடநூலிலும் அகராதியிலும் கிடக்கும் சொல். ஆகவே இந்தப் புதிர் மொழிக்கு மொழி மட்டுமன்றித் தலைமுறைக்குத் தலைமுறையும் கதவடைக்கும். தூய தமிழ்ச்சொற்கள் மேல் பற்றுக்கொண்டு விளையாட்டு உருவாக்க முனையும் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

அப்படியானால் சொல்லோடு விளையாடும் புதிர்களே கூடாது என்று முடிவு கட்டலாமா? அப்படிச் சொல்வோரும் உளர். உலகச் சந்தைக்குச் செல்லும் ஆட்டத்தில் மொழி சார்ந்த நகைச்சுவையே வேண்டாம், பெட்டியைத் தள்ளுவதும் கம்பியை இணைப்பதும் போதும் என்பது அவர்கள் கருத்து. அது சோம்பலான முடிவு. அதை மறுக்கும் சான்று இதே தொடரின் முதல் ஆட்டத்திலேயே இருக்கிறது.

1990-இல் வெளிவந்த ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ ஆட்டத்தில் வாட்போர் உண்டு. போரில் வெற்றியை முடிவு செய்வது வாள்வீச்சன்று, வசை. எதிரி ஓர் ஏச்சை வீசுவான். அதற்குப் பொருந்தும் மறுமொழியை ஆட்டக்காரர் தேர்ந்தெடுத்தால் எதிரி பின்வாங்குவான். தவறினால் தாம் பின்வாங்க வேண்டும். மாடு மேய்ப்பவனைப் போலச் சண்டையிடுகிறாய் என்ற கருத்தில் ஒருவன் ஏசினால், பொருத்தந்தான், நீ மாட்டைப் போலச் சண்டையிடுகிறாயே என்ற கருத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏச்சுகள் சிலவற்றை எழுதித் தந்தவர் அறிபுனை எழுத்தாளர் ஆர்சன் ஸ்காட் கார்டு.

இந்தப் போரை ஆட்டக்காரர்கள் இன்றும் கொண்டாடுகின்றனர். குரங்குப் புதிரைத் திட்டும் அதே வாய்கள்தாம் இதைப் புகழ்கின்றன. இரண்டும் சொல்லை நம்பிய புதிர்கள்; ஏறக்குறைய ஒரே குழுவின் ஆக்கங்கள். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

ஆட்டத்தின் அமைப்பைப் பார்த்தால் விடை கிடைக்கும். தொடக்கத்தில் ஆட்டக்காரருக்கு ஓரிரு வசைகளே தெரியும். சாலையில் எதிர்ப்படும் கொள்ளையரோடு மோதி, தோற்றுத் தோற்று, அவர்கள் வீசும் ஏச்சுகளைக் கற்றுக்கொள்கிறார். கற்ற ஏச்சை அடுத்தவன்மேல் வீசி, அவன் தரும் மறுமொழியையும் கற்றுக்கொள்கிறார். தோல்வி அங்கே தண்டனையாக அமையவில்லை, பாடமாக அமைந்துள்ளது. எல்லாம் கற்றபின் வாள் ஆசிரியை கார்லாவின் முன் நிற்கும்போது, அவர் முற்றிலும் புதிய ஏச்சுகளை வீசுகிறார். ஆனால் முன்பு கற்ற மறுமொழிகளே அவற்றுக்கும் பொருந்துகின்றன. எது எதற்குப் பொருந்தும் என்பதை மட்டும் சிந்தித்துத் தெளிய வேண்டும். மனப்பாடமாகத் தொடங்கியது பொருளறிவில் முடிகிறது. ஒரு மொழியைக் குழந்தை கற்கும் முறைக்கு இது வெகு அருகில் உள்ளது என்று சொன்னால் மிகையாகாது.

முதல் ஆட்டம் தனக்கு வேண்டிய சொற்களைத் தானே கற்பித்துவிட்டுக் கேள்வி கேட்கிறது. இரண்டாம் ஆட்டம் வீட்டிலிருந்து சொல்லைக் கொண்டு வரும்படி கேட்கிறது. ஆட்டக்காரர்களின் புகழ்ச்சியும் இகழ்ச்சியும் இந்த வேறுபாட்டைத் துல்லியமாகக் கண்டுகொண்டன. ரசனையற்ற கூட்டத்தின் முணுமுணுப்பு என்று அவற்றை ஒதுக்குவது தவறு. திட்டுகிறவர்களுக்கு இலக்கணம் தெரியாமல் இருக்கலாம். வலிக்கும் இடம் தெரிந்திருக்கிறது. (1999-இல் வந்த ‘கேப்ரியல் நைட் 3’ ஆட்டத்தில், மீசையே இல்லாத ஒருவனைப் போல வேடமிடுவதற்காகப் பூனை முடியால் மீசை செய்து ஒட்ட வேண்டும். அது எம்மொழியினருக்கும் ஒருசேரப் புரியவில்லை. அவ்வகையில் அது சமத்துவமான புதிர்.)

தமிழ் மரபு இவ்விரண்டையும் நன்கறிந்தது. தொல்காப்பியச் செய்யுளியல் யாப்பின் வகைகளாக எண்ணும் ஏழனுள் பிசியும் உண்டு, அங்கதமும் உண்டு. பிசி என்பது விடுகதை. அங்கதம் என்பது வசை. குரங்குப் புதிர் பிசியின் வழிவந்தது; வாட்போர் அங்கதத்தின் வழிவந்தது. பிசியை உவமையால் அமைவது, தோன்றும் பொருளைச் சொல்லி மறைபொருளைத் துணியச் செய்வது என இருவகையாகத் தொல்காப்பியம் பகுக்கிறது. இரண்டிலும் கேட்பவர் பற்றிக்கொள்ள ஒரு பிடி தரப்படுகிறது என்பது நோக்கத்தக்கது. திண்ணையில் விடுகதை போடும் பாட்டியும் பிள்ளைகள் திணறினால் ஒரு பிடி தருவார். தராத பாட்டியிடம் மறுநாள் எவரும் கதை கேட்கச் செல்வதில்லை. காளமேகப் புலவர் பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் சிலேடை பாடியபோது, இரண்டையும் பாட்டுக்குள்ளேயே பெயர் சொல்லிவிட்டுத்தான் கேட்பவரைச் சிரிக்க வைத்தார். ஒன்றை ஒளித்துவைத்துக் கண்டுபிடி என்று அவர் மிரட்டவில்லை. வாழைப்பழத்தைக் கையாள்வதில் காளமேகம் கில்பர்ட்டை விடக் கருணை உடையவர்.

கற்பித்துவிட்டுக் கேட்பதால் மட்டும் மொழிபெயர்ப்பாளரின் தலைவலி தீர்ந்துவிடாது. 1997-இல் வந்த மூன்றாம் ஆட்டமான ‘தி கர்ஸ் ஆஃப் மங்கி ஐலண்ட்’, கடலில் நிகழும் வசைப்போருக்கு ஒரு கூடுதல் விதி வைத்தது: மறுமொழி ஏச்சோடு இயைபுபட வேண்டும். ஆங்கிலத்தில் ஒத்து ஒலிக்கும் இறுதிச் சொற்கள் வேறு மொழியில் ஒத்து ஒலிக்கா. பெயர்ப்பவர் ஏச்சையும் மறுமொழியையும் புதிதாகவே இயற்ற வேண்டும். இத்தொடருக்கு அதிகாரபூர்வமான தமிழ் வடிவம் இல்லை. எவரேனும் செய்ய முன்வந்தால், ஆங்கில இயைபைத் துரத்தாமல் அடியெதுகைக்கு மாறிவிடுவதே நல்லது. லாவணியிலும் எசப்பாட்டிலும் பழகிய காதுக்கு, எதிராளியின் எதுகையைப் பற்றிக்கொண்டே அவனை அடிப்பது புதிதன்று. குரங்குப் புதிருக்கு வரும்போது அவர் வேறொரு விலங்கையோ பழத்தையோ தேட வேண்டியிருக்கும். ஆனால் திரையில் வரைந்திருப்பது குரங்கு. படம் பிடிவாதமானது. சொல்லை மாற்றலாம், குரங்கை மாற்ற இயலாது.

தமிழ் வாழ்வையே பொருளாகக் கொண்டு உலகெங்கும் சென்ற ஓர் ஆட்டத்தையும் இங்கே நினைக்க வேண்டும். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’, கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. அடுத்த ஆண்டு பாஃப்டாவின் அறிமுக ஆட்டத்துக்கான விருதை அது பெற்றது. அது நகைச்சுவை ஆட்டம் அன்று, புதிர்களும் சிறியவை. தாயின் பழைய சமையல் குறிப்பேட்டில் எழுத்துகள் அழிந்தும் கறைபட்டும் உள்ளன. விடுபட்டதை ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லியை வாழ்நாளில் கண்டிராத ஒருவரும் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று தடவித் தடவிக் கற்றுக்கொள்கிறார். புட்டுக் குழாயைத் தொட்டிராதவர் மாவையும் தேங்காயையும் இடும் வரிசையைக் கற்றுக்கொள்கிறார். பிழைத்தால் மீண்டும் தொடங்கலாம். ஆட்டக்காரர்கள் சொன்ன குறைகளில் முதன்மையானது, ஆட்டம் மிகக் குறுகியது என்பது. புதிர்கள் எளியவை என்றும் சிலர் கூறினர். ‘எங்களுக்குத் தமிழ் தெரியாததால் தோற்றோம்’ என்பது அவற்றுள் ஓங்கி ஒலித்த குறை அன்று. தமிழைத் துளியும் மறைக்காத ஆட்டம் ஒன்று அந்தக் குறைக்கு இடம் தராமல் தப்பியது சிறிய செய்தியன்று. ஆனால் எளிமைக்கு அது கொடுத்த விலையும் உண்மை. சொல்லால் சிரிக்க வைத்து, சொல்லாலேயே திணறவும் வைக்கும் தமிழ் ஆட்டத்துக்கான இடம் இன்னும் காலியாகவே உள்ளது.

மங்கி ஐலண்ட் தொடரின் பிற்கால வடிவங்கள் வேறு வழியை நாடின. 2009, 2010 ஆண்டுகளில் வந்த மறுபதிப்புகளில் குறிப்பு கேட்கும் வசதி சேர்ந்தது. 2022-இல் வந்த ‘ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்’ ஆட்டத்தில் கைப்ரஷின் பையிலேயே ஒரு குறிப்புப் புத்தகம் உண்டு. கட்டணத் தொலைபேசிக் காலத்தை நினைத்தால் இது முன்னேற்றம்தான். எனினும் குறிப்புப் புத்தகம் விடையைச் சொல்லும், நகைச்சுவையைத் தராது. விளக்கிச் சொல்லப்பட்ட சிலேடையைக் கேட்டு எவரும் வயிறு குலுங்கச் சிரித்ததில்லை.

அலிபிரிப் புளியை வேறு வகையில் காப்பாற்றலாம். ஆட்டத்தின் தொடக்கத்தில், மண்டபத்து ஓரமாகத் தமிழ்த் தச்சர் ஒருவர் ஏணியின்மேல் நின்று வேலை செய்கிறார். கீழே நிற்கும் சிறுவன் தெலுங்கன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகிறது. ‘தம்பி, திருப்புளி எடு’ என்கிறார் தச்சர். சிறுவன் அரைகுறைத் தமிழில் யோசித்து, ஓடிப்போய்ப் புளியமரத்தை வணங்கிவிட்டு, ஒரு பழத்தைப் பயபக்தியோடு கொண்டுவந்து நீட்டுகிறான். தச்சர் தலையில் அடித்துக்கொண்டு, தம் இடுப்பில் செருகியிருந்த கருவியை எடுத்துக் காட்டி, ‘இதுடா திருப்புளி’ என்கிறார். சிறுவன் பழத்தையும் கருவியையும் மாறி மாறிப் பார்க்கிறான். இவ்வளவும் அரை நிமிடக் காட்சி. தெலுங்கு ஆட்டக்காரருக்கும், ஸ்க்ரூ டிரைவர் என்றே வளர்ந்த சென்னை இளைஞருக்கும், கொரிய மொழியில் ஆடுபவருக்கும் அச்சொல் இப்போது கையில் இருக்கிறது. கொரிய வடிவத்திலும் அந்த ஒரு சொல்லைத் தமிழொலியிலேயே விட்டுவைத்தால் போதும். மூன்று மணி நேரம் கழித்து இரும்புப் பெட்டியின் முன் நாயகன் வெறுங்கையோடு நிற்பான். அவன் பையில், சிறுவன் தூக்கி எறிந்த அந்தப் புளியம்பழம் இருக்கும்.